பலகையின் பின்பக்கம்

மார்ச் 2

அன்புள்ள மாட்டு டாக்டருக்கு,

இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். போனில் பேசினால் இருவரும் மாறி மாறி 'ம்' கொட்டிக்கொண்டிருக்கிறோம், இனி எழுதிக்கொள்ளலாம் என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன்.

விஷயம் கிளினிக் பெயர்ப்பலகை பற்றியது. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் சினைப்பசுவை வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நாற்பது கிலோமீட்டர். கன்று குறுக்கே கிடந்தது. பலகையில் என் பெயருக்குக் கீழே 'பூனை, நாய்' என்றும் உன் பெயருக்குக் கீழே 'ஆடு, மாடு' என்றும் இருப்பதை எப்போதோ பார்த்து மனதில் வைத்திருந்தாராம். கல்லூரியில் படித்ததை வைத்துக்கொண்டு தோள்வரை கையை விட்டுப் பார்த்தேன். உன்னைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. குறை சொல்லவில்லை, பண்ணையில் சிக்னல் இருந்திருக்காது. பசு பிழைத்தது. கன்று பிழைக்கவில்லை. அவர் கோபப்படவும் இல்லை. "போர்டுல பேரு இருக்கேம்மா, அத நம்பித்தான் வந்தேன்" என்று மட்டும் சொன்னார். நான் கையைக் கழுவிக்கொண்டு அடுத்து வந்த நாய்க்கு ஊசி போட்டேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. எதுவும் தோன்றவில்லையே என்பது மறுநாள்தான் தோன்றியது.

அதனால் மெஷின் அண்ணனிடம் போனேன். அவரேதான், ஆறு வருடத்துக்கு முன்பு நமக்கு இந்தப் பலகையை மெஷினில் செதுக்கிக் கொடுத்தவர். வந்து பலகையைக் கழற்றிப் புரட்டிப் பார்த்தார். ஒன்றரை அங்குலக் கனம், பின்பக்கம் பழுதில்லாமல் இருக்கிறது, அதிலேயே புதிதாகச் செதுக்கிவிடலாம் என்றார். ஆனால் அவருக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. இரண்டு பெயர் இருந்த பலகையில் ஒன்றை எடுப்பதென்றால் டிசைன் தாளில் இரண்டு பேரின் கையெழுத்தும் வேண்டும். முன்பு ஒரு தம்பியின் பேச்சை நம்பி அண்ணன் பெயரை எடுத்துவிட்டாராம். அந்த அண்ணன் பலகையோடு வந்து கடைவாசலில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். "மெஷின் கோட்டப் பாத்துத்தான் போகும்மா, ஆளப் பாத்து இல்ல. அதான் நான் கையெழுத்து கேக்குறேன்" என்றார்.

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். நீயும் போட்டு அனுப்பு. மாத முடிவுக்குள் வந்தால் நல்லது.

கம்பவுண்டர் நலம். ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு எல்லோரையும் மேற்பார்வை பார்க்கிறது. வருகிற நாய்களெல்லாம் இந்தப் பூனைக்குப் பயந்துதான் ஒழுங்காக உட்காருகின்றன.

உன்
பூனை டாக்டர்


மார்ச் 9

என் பூனை டாக்டருக்கு,

கடிதம் வந்தது. கன்று விஷயம் படித்து வருத்தமாக இருந்தது. அன்று நான் தொழுவத்தில் இருந்தேன், போன் அறையில் இருந்தது. குறுக்கே கிடந்தால் முதலில் உள்ளே தள்ளிவிட்டுப் பிறகு திருப்ப வேண்டும். இப்போது சொல்லி என்ன.

ஆக, என் பெயரைச் சுவருக்கு முட்டுக்கொடுக்கப் போகிறாய்! பரவாயில்லை, சுவராவது நிற்கட்டும்.

அந்தப் பலகை செய்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? யார் பெயர் மேலே என்று கடையிலேயே சண்டை போட்டோம். மெஷின் அண்ணன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போட்டுர்றேன், வீட்டுக்குப் போய்ச் சண்டை போடுங்க" என்றார். மெஷின் முக்கால் மணி நேரம் ஓடியது. மரத்தூள் பறந்து உன் புருவம் இரண்டும் மஞ்சளாகிவிட்டது. நான் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீ அப்படியே பஸ்ஸில் வந்தாய்.

இங்கே பண்ணையில் என் ஒப்பந்தத்தை இன்னொரு வருடம் நீட்டியிருக்கிறார்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நானூறு மாடுகள். எல்லாவற்றுக்கும் காதில் எண். பெயர் சொல்லிக் கூப்பிட ஒன்றுகூட இல்லை.

தாள் மேசையில் இருக்கிறது. பேனாவைத்தான் காணோம். அம்மாவைப் பார்த்தாயா? முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்,
மாட்டு டாக்டர்


மார்ச் 15

அன்புள்ள உனக்கு,

பேனா இல்லாமல் ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். பாராட்டுகள்.

அத்தையை ஞாயிற்றுக்கிழமைதோறும் போய்ப் பார்க்கிறேன். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடி ஏறுவதில்லை. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "எம் பையன் வருஷக் கடைசிக்குள்ள வந்துருவான்" என்கிறார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். நான் மாத்திரை டப்பாவை அடுக்கிக்கொண்டிருப்பேன். நேற்று, "நீயாவது சொல்லேன்டி, வருவான்தானே?" என்று நேராகவே கேட்டுவிட்டார். தெரியவில்லை அத்தை என்றேன். எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

பலகை கழற்றிய இடத்தில் சுவர் நீளவாட்டில் வெளுப்பாகத் தெரிகிறது. நான்கு மூலையிலும் நான்கு ஓட்டை. எதிர்க்கடைக்காரர் "என்னம்மா, கிளினிக்க மூடிட்டீங்களா?" என்கிறார். உள்ளே மூன்று நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும்போது கேட்கிறார்.

ஆறு மாதம் என்று போனாய். இரண்டு வருடம் ஆகிறது. சண்டை போட்டுப் போயிருந்தால் எதற்காகவாவது சமாதானம் ஆகலாம். நாம் சண்டை போடவில்லை. நீ வரப்போகிறாய் என்றால் ஒரு வரி எழுது. நான் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் பழைய பலகையையே மாட்டிக்கொள்கிறேன். வரவில்லை என்றாலும் ஒரு வரி போதும். இரண்டில் எதற்கும் நான் அழமாட்டேன் என்று நினைக்கிறேன், அதனால் தைரியமாக எழுதலாம்.

உன்
பூனை டாக்டர்


மார்ச் 22

அன்புள்ள உனக்கு,

உன் பதில் வருவதற்குள் எழுதுகிறேன். இது என் வழக்கமில்லை என்று உனக்குத் தெரியும்.

இன்று மெஷின் அண்ணன் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மரத்தில் கை வைப்பதற்கு முன்னால் கழிவுத் துண்டில் ஒருமுறை வெட்டிப் பார்ப்பார் அல்லவா, அதைக் காட்டினார். அளவு சரியாக இருந்தது. எழுத்தின் ஆழம் சரியாக இருந்தது. என் பெயர் மட்டும் நடுவில். இரண்டு பக்கமும் வெறும் மரம். "எழுத்தப் பெருசாக்கிடவா டாக்டர்? எடம் ரொம்பக் கிடக்கே" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

இத்துடன் இன்னொரு தாள் இருக்கிறது. இது அவர் போட்ட டிசைன் இல்லை. நானே ஸ்கேல் வைத்து வரைந்தது, கோடு கொஞ்சம் கோணலாக இருக்கும். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில். உன் பெயருக்குக் கீழே 'முன்கூட்டியே கேட்டு வரவும்' என்று சேர்த்திருக்கிறேன். பொய்யும் இல்லை, யாரும் நம்பி மாட்டை ஏற்றிக்கொண்டு வரவும் மாட்டார்கள். அண்ணனிடம் இதைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. நீ சரி என்பதற்கு முன்னால் இன்னொருவரிடம் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது. இதில் கையெழுத்துப் போட்டு அனுப்பினால், வேறு எதுவும் எழுத வேண்டாம். புரிந்துகொள்வேன்.

உன்
பூனை டாக்டர்


மார்ச் 23

என் பூனை டாக்டருக்கு,

உன் பதினைந்தாம் தேதிக் கடிதத்தை நான்கு தரம் படித்தேன். நீ சொல்வது நியாயம்தான். இல்லாத ஆளின் பெயரை வாசலில் மாட்டி வைப்பது சரியில்லை.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்கு அனுப்பி, நீ அதை எடுத்துக்கொண்டு கடைக்கு அலைய வேண்டாமே என்று, தாளின் கீழே இருந்த முகவரிக்கு மெஷின் அண்ணனுக்கே நேராக அனுப்பிவிட்டேன். இன்றைய தபாலில் போய்விட்டது.

ஒரு வரி கேட்டாய். எழுத உட்கார்ந்தேன். உனக்கு எது சௌகரியமோ அதுவே எனக்கும் என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. பழைய பக்கத்தை இழைத்து என் பெயரை எடுத்துவிடச் சொன்னாலும் எனக்கு ஒன்றுமில்லை.

அம்மாவிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
மாட்டு டாக்டர்


மார்ச் 27

என் பூனை டாக்டருக்கு,

நீ வரைந்த தாள் இன்று காலை வந்தது. கோணல் ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் வரைந்திருக்கிறாய்.

இப்போது குழப்பமாக இருக்கிறது. அந்தத் தாள் இதற்குள் கடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். உனக்கு உண்மையில் எது வேண்டும்? முதல் தாளா, இதுவா? நீ சொல், அப்படியே செய்துவிடலாம். சொல்லும்வரை இதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மாட்டு டாக்டர்


ஏப்ரல் 6

அன்புள்ள மாட்டு டாக்டருக்கு,

உன் இரண்டு கடிதங்களும் வந்தன. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

திங்கட்கிழமை உன்னுடைய முதல் கடிதம் வந்தது. அதே தபாலில் தாளும் கடைக்கு வந்துவிட்டது. மெஷின் அண்ணன் போன் செய்து, "ரெண்டு கையெழுத்தும் இருக்கு டாக்டர். வெள்ளிக்கிழமை மெஷின் சும்மா இருக்கு, ஓட்டிரலாமா?" என்றார். சரி என்றேன். வெள்ளிக்கிழமை வரை இருக்கிறதே என்று நினைத்தேன். கோணல் தாள் கையெழுத்தோடு வந்தால் ஓடிப்போய் நிறுத்திவிடலாம். நடந்தாலே பத்து நிமிடம்தான்.

வியாழக்கிழமை தபால் வந்தது. தாள் இல்லை. எது வேண்டும் என்று கேட்டு எழுதியிருந்தாய்.

அப்போது ஒரு பூனைக்குத் தையல் பிரித்துக்கொண்டிருந்தேன். முடித்தேன். அதற்கடுத்து ஒரு முயல். பிறகு தரையைத் துடைத்தேன். கடைக்குப் போகவில்லை. கோபத்தில் போகாமல் இருந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கோபம் வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தேன்.

சனிக்கிழமை அண்ணனே பலகையைக் கொண்டுவந்து மாட்டினார். இந்தத் தரம் இருபது நிமிடத்திலேயே மெஷின் முடித்துவிட்டதாம். பழைய ஓட்டைகளே போதுமாக இருந்தன, சுவரில் புதிதாக எதையும் துளைக்கவில்லை. ஏணியில் ஏறியவர் பலகையைக் கையில் பிடித்தபடி, "ரெண்டு பக்கமும் பேரு இருக்கும்மா. எந்தப் பக்கம் வெளிய?" என்று கேட்டார். அவருக்குத் தெரியாதா என்ன. அவர் அவசரப்படுத்தவில்லை. "புதுசும்மா, மரம் கொஞ்சம் வெளுப்பா இருக்கும், வெயில் பட்டா சரியாப் போயிரும்" என்று வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தார். என் பக்கம் என்றேன். திருகாணிகளை முடுக்கினார்.

உன் பெயரை இழைக்கச் சொல்லவில்லை. அது அங்கேயே, சுவரைப் பார்த்தபடி இருக்கிறது. அந்தப் பக்கத்தில் என் பெயரும் பக்கத்தில்தான் இருக்கிறது.

அத்தையிடம் நீயே பேசுவதாக எழுதியிருந்தாய். இந்த ஞாயிறுவரை பேசவில்லை. நான் சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டார். மாத்திரை டப்பாவைத் தானே எடுத்து அடுக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதும்போல் போவேன், அதில் மாற்றமில்லை.

கோணல் தாளை அனுப்ப வேண்டாம்.

நேற்று மாலை ஒரு வேன் நம் வாசலுக்கு வந்ததும் வேகத்தைக் குறைத்தது. பின்னால் ஒரு மாடு நின்றிருந்தது. ஓட்டியவர் தலையை நீட்டிப் பலகையை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு நேராகப் போய்விட்டார். பலகை சரியாக வேலை செய்கிறது.

பூனை டாக்டர்