எனக்கு வந்த அட்டையும் உனக்கு வந்த அட்டையும்

ஜமுனாமரத்தூர்
ஞாயிறு, கோயிலுக்குப் போக முடியாத மதியம்

அன்புள்ள ராஜாக்கண்ணுவுக்கு,

மூன்று வருடமாக உன்னைக் கண்டால் முகத்தைத் திருப்பியவன் ‘அன்புள்ள’ என்று எழுதுவது மாத்திரை மயக்கத்தில் அல்ல. கர்த்தர் கிருபையால் மாத்திரையை நிறுத்தியாகிவிட்டது. காலில் மாவுக்கட்டு. வாய்க்கும் ஒன்று போட டாக்டர் மறந்துவிட்டார் என்கிறாள் என் வீட்டுக்காரி சில்வியா.

உன் பசு நலம். கறப்பது நீ சொல்லிவிட்டுப் போன கண்ணாயிரம், குறை சொல்வது நான்.

டீக்கடை மஞ்சுளா நேற்று வந்தாள். நீ திருப்பூரில் மகனோடே தங்கிவிடப் போகிறாயாம், நிலத்தை விற்கிறாயாம். “அந்த சைலஸ் மூஞ்சிய இன்னும் எத்தினி நாளு பாக்கறது” என்றாயாம். கேட்டதிலிருந்து சோறு இறங்கவில்லை. இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டேன்.

வரப்பில் நின்ற என் அப்பாவின் பலாமரத்தை நீ வெட்டியதை ஊரெல்லாம் சொன்னேன். நிழலில் உன் சாமை விளையவில்லை, கிளையைக் கழித்துவிடு என்று நீ இரண்டு முறை வந்து கேட்டதை மட்டும் ஒருவரிடமும் சொல்லவில்லை.

புத்தாண்டு ஆராதனையில் தட்டிலிருந்து ஆளுக்கொரு வசன அட்டை எடுத்தோமே, பழிவாங்குவது என் வேலை, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று கர்த்தர் சொல்லும் வசனம் எனக்கு வந்தது. அரசாணையே கிடைத்துவிட்டதென்று உன் வீட்டைப் பார்த்த ஜன்னலில் ஒட்டினேன். உன் கோழி செத்த அன்று, கர்த்தர் சின்னதாகத் தொடங்கியிருக்கிறார் என்றேன். சில்வியா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

பிறகு புளி உலுக்கப் போய் மரத்திலிருந்து விழுந்தது நான். அலறல் கேட்டு ஓடி வந்தது நீ. உன் குட்டியானை வண்டியில் மூட்டைகளுக்கு நடுவே என்னைப் படுக்கவைத்து மலையிலிருந்து போளூர் ஆஸ்பத்திரிக்கு இறக்கினாய். ஒரு வளைவில் நிறுத்தித் தண்ணீர் கொடுத்தபோது, எனக்கு ஏன் இதெல்லாம் செய்கிறாய் என்று கேட்டேன். “இன்னா பண்றது, எனக்கு வந்த அட்டையில எதிரிய நேசின்னு கீது. மாத்திக் குடுங்கன்னு பாஸ்டராண்ட மூணு தபா கேட்டேன், மாட்டேன்ட்டாரு. கம்முனு குடி” என்றாய். உடைந்த எலும்போடு சிரித்தேன். கால் வலி குறைந்துவிட்டது, அந்தச் சிரிப்பு இன்னும் குறையவில்லை.

ஒரே வேதத்தில் இரண்டு விதமாக எப்படி என்று படுத்தபடி புரட்டினேன். என் வசனத்துக்கு அடுத்த வசனமே, எதிரி பசித்திருந்தால் அவனுக்குச் சோறு போடு என்கிறது. அட்டையில் இடம் போதவில்லை போல. பழிவாங்கும் என் அரிவாளைக் கர்த்தர் வாங்கி வைத்துக்கொண்டது, கையில் அகப்பையைக் கொடுக்கத்தான்.

மாற்று அட்டை கேட்டாயே, என்னுடையதை இத்துடன் வைத்திருக்கிறேன். ஜன்னலிலிருந்து உரித்ததில் ஒரு மூலை போய்விட்டது. என்மேல் தாராளமாகப் பயன்படுத்து. ஆனால் திருப்பூரிலிருந்து எட்டாது. பக்கத்து வீட்டில் இருந்தால்தான் சரிப்படும்.

சாமை விதைப்புக்குள் வந்துவிடு. சில்வியா சமைப்பாள், பரிமாறுவது நான்.

கர்த்தர் உன்னைச் சுகமாகத் திருப்பி அனுப்பட்டும்.

இப்படிக்கு,
பஸ் சத்தம் கேட்டால் நொண்டி நொண்டி வாசலுக்கு வந்து பார்க்கும் உன் எதிரி,
சைலஸ்