இடதுபக்கம் உன்னுடையது

இன்று காலை கம்பெனி பஸ்ஸில் சட்டைப்பையிலிருந்து இயர்போனை எடுத்தேன். நீ நீல இன்சுலேஷன் டேப் சுற்றிவைத்த அதே ஒயர்தான். இடதுபக்க முனையில் இன்னும் உன் தலைவலித் தைலத்தின் வாசனை வருகிறது. நீ போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது, தைலம் போகவில்லை. நாம் பார்த்து அனுப்பிய கியர்பாக்ஸ்களைவிட உழைக்கிற சரக்கு.

உனக்கு ஒரு செய்தி இருக்கிறது. சுற்றி வளைத்துத்தான் சொல்வேன். "விஷயத்துக்கு வா மச்சான்" என்று அதட்ட இப்போது நீ பக்கத்து சீட்டில் இல்லை.

போன வருஷம், பாப்பா பியானோ பழகும் பெங்களூர் வகுப்பில், ஒரே சொனாட்டாவை இரண்டு ஜோடிகள் வாசித்த பதிவுகளைக் கேட்டு, எது ஏன் நல்லது என்று எழுதி வரச் சொல்லியிருந்தார்கள். சொனாட்டா என்றதும் நான் ஏதோ மாத்திரை என்று நினைத்தேன். வயலினும் பியானோவும் மட்டும் உட்கார்ந்து இருபது நிமிடம் பேசிக்கொள்வது என்று அவள் விளக்கினாள். ஐ.டி.ஐ. படித்த அப்பனுக்கு மகள் என்ன படிக்கிறாள் என்றாவது தெரிய வேண்டாமா? இரண்டையும் என் போனில் ஏற்றச் சொன்னேன். பஸ்ஸில் தனியாகக் கேட்க வெட்கமாக இருந்ததால் உன்னையும் இழுத்துக்கொண்டேன். வலதுபக்கம் எனக்கு, இடதுபக்கம் உனக்கு.

ஓசூரில் ஏறியதும் முதல் பதிவைப் போடுவோம். சூளகிரி வரும்போது முடியும். இரண்டாவது பதிவு கிருஷ்ணகிரி டோல்கேட்டுக்கு முன்னால் முடிந்துவிடும். அங்கிருந்து போச்சம்பள்ளி வரைக்கும் சண்டை. வாசித்தவர்களின் பெயர் நம் நாக்குக்கு அடங்கவில்லை. அட்டைப்படத்தின் நிறத்தை வைத்து மஞ்சள், கறுப்பு என்றோம். உனக்கு மஞ்சள், எனக்குக் கறுப்பு.

"மஞ்சள்ல அந்த மெதுவான எடத்துல பாரு, அழுவறான். ஆனா மூக்கு சிந்தல."

"அழுவட்டும். பின்னாடி ஒருத்தன் தடதடன்னு ஓடறானே, அது கேக்கலியா? கறுப்புல ஒவ்வொரு அடியும் எண்ணி வெக்கறான்."

"கறுப்புல பிடில் கீச்சுங்குது. பேரிங் போன சத்தம். ரிஜெக்ட்."

"ரிஜெக்ட் பண்ண நீ யாரு?"

"நாய்ஸ் டெஸ்ட்ல பதினெட்டு வருஷம். சும்னிரு," என்று தளிக் கன்னடத்தில் என் வாயை அடைப்பாய்.

எனக்கும் அதே பதினெட்டு வருஷம்தான். வெளிச்சத்தம் நுழையாத அறையில் ஓடும் கியர்பாக்ஸைக் காதால் கேட்டு, தேறும், தேறாது என்று பிரிப்பதுதான் நம் இருவர் வேலையும். ஒரு பெட்டி வெளியே போக நம் இரண்டு கையெழுத்தும் வேண்டும். இந்த இரண்டு பதிவுகளுக்கு மட்டும் ஆறு மாதமாகியும் கையெழுத்து சேரவில்லை. முன்சீட்டுக்காரர் ஒருமுறை திரும்பி, "எடத் தகராறா?" என்று கேட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வீட்டுக்கு வந்திருந்தபோது பாப்பா நம்மைக் கவனித்தாள். ஆளுக்கொரு பக்கம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறிவிட்டது.

"ரெண்டுமே பழைய பதிவுப்பா. வயலின ஒரு பக்கம், பியானோவ ஒரு பக்கம் பிரிச்சு வெச்சிருக்காங்க. மாமா கேட்டது வயலின், நீ கேட்டது பியானோ. ஆளுக்குப் பாதி கேட்டுட்டு சண்ட போட்டிருக்கீங்க."

நிபுணர்கள் இருவரும் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மறுநாள் பஸ்ஸில் பக்கம் மாற்றிக்கொண்டோம். சூளகிரியில் முதல் பதிவு முடிந்தது. பிறகு சொன்னாய்: "உன் பக்கம் இவ்ளோ நடந்திருக்குது. ஒரு வார்த்த சொல்லலியே மச்சான்." சாயங்காலம் திரும்பும்போது இடதை நீயே கேட்டு வாங்கிக்கொண்டாய். "என் பக்கத்த நான் பாத்துக்கறேன். உன் பக்கத்த நீ பாரு. சேந்து கையெழுத்து போடலாம்."

இப்போது செய்தி. மேற்படிப்புக்கு பாப்பா ஒரு பதிவு அனுப்ப வேண்டியிருந்தது. இந்த வருஷம் விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். அவளும் வயலின் வாசிக்கும் அவள் தோழியும் ஒரே சொனாட்டாவை இரண்டு தடவை வாசித்துப் பதிந்திருந்தார்கள். எதை அனுப்புவது என்று அவளுக்குத் தெரியவில்லை. "கேட்டுக் கேட்டு எனக்குக் காது அடச்சுப் போச்சு. நீ கேட்டு சொல்லுப்பா. மத்தியானத்துக்குள்ள அனுப்பணும்," என்றாள். நம் வழக்கம் தெரிந்தவள், வயலினை இடதிலும் பியானோவை வலதிலும் பிரித்தே அனுப்பியிருந்தாள்.

பழக்கம்போல வலதை மாட்டிக்கொண்டேன். முதல் பதிவில் ஒரு பிசிறு இல்லை. இரண்டாவதில் ஓரிடத்தில் தப்பான கட்டையை அடித்திருந்தாள், எனக்கே தெரிந்தது. முதலாவதையே அனுப்பச் சொல்லலாம் என்று போனை எடுத்துவிட்டேன். அப்புறம்தான் இன்னொரு கையெழுத்து பாக்கி என்பது நினைவுக்கு வந்தது.

வலதைக் கழற்றி உன் பக்கத்தை மாட்டினேன். தைல வாசனை. முதல் பதிவில் வயலின் சரியாக இருந்தது, ஆனால் பஸ்ஸைப் பிடிக்க நடப்பவளைப்போல. இரண்டாவதில் அந்த மெதுவான இடத்தில் அந்தப் பெண் வில்லை இழுத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள். தனக்காக ஒருத்தி காத்திருக்கிறாள் என்று தெரிந்தவளின் வாசிப்பு. காத்திருந்தவள் என் மகள். என் பக்கத்தில் அது வெறும் இடைவெளியாகத்தான் கேட்டிருந்தது.

"ரெண்டாவத அனுப்பு பாப்பா."

"அதுல நான் ஒரு கட்ட தப்பா அடிச்சிருக்கேம்ப்பா."

"தெரியும். இருக்கட்டும்."

"யாரு சொன்னது, நீயா மாமாவா?"

"ரெண்டு பேரும்தான்."

நேற்று இடம் கிடைத்துவிட்டது. கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தேன். "பொண்ணுக்குக் கல்யாணமா?" என்றார்கள். "இல்ல, பியானோ," என்றேன். செக்யூரிட்டியிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை அவர் சரியாக ஆச்சரியப்படவில்லை.

இன்று காலையும் பாப்பாவின் அந்தப் பதிவைத்தான் போட்டேன். சூளகிரி வரைக்கும் வலதில் கேட்டேன். அங்கே முதலிலிருந்து வைத்து, இடதுக்கு மாற்றிக்கொண்டேன். டோல்கேட் வரைக்கும் உன் முறை.