உன் பெயரில் நான் படித்த பாடங்கள்

என் பேச்சிக்கு, எதிரே உட்கார்ந்து உன் முகம் பார்த்துச் சொல்வது போல எழுதுகிறேன்.

நம்புவாயா, இதை எழுதுவது நானேதான். நம் மகள் செல்வியைக் கூப்பிட்டு எழுதச் சொல்லவில்லை. ஒரு வரிக்கு அரை மணி நேரம் ஆகிறது. நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், வாசலில் நிற்கிறேன், திரும்பி வந்து விட்ட இடத்தைத் தேடுகிறேன்.

நீ போன பிறகு உன் போன் சும்மா கிடந்தது. செல்விதான் செம்பூரிலிருந்து வந்தபோது அதில் இலவசப் பாடங்களைப் போட்டுக் கொடுத்தாள். “யப்பா, பைசா கிடையாது, அடிக்கிற வாத்தியாரும் கிடையாது. படத்தத் தொடு, அது பேசும்” என்றாள். தொட்டேன். தமிழில் பேசியது. எழுத்து எழுத்தாகச் சொல்லிக் கொடுத்தது. நான் தப்பாகத் தொட்டால் கோபிக்காமல் மறுபடியும் சொன்னது.

திரையின் மேலே எப்போதும் ஒரே சொல் இருக்கும். ஒருநாள் காலையில் பல் விளக்கிக்கொண்டே அதைக் கூட்டிப் பார்த்தேன். பே... ச்... சி... பேச்சியம்மாள்! யார் துணையும் இல்லாமல் நான் வாசித்த முதல் சொல் உன் பெயர். வாயில் நுரையோடு கத்தினேன். நம் வீடு இருக்கிற லேபர் கேம்ப் சந்தே வந்து எட்டிப் பார்த்தது.

போன் உன்னுடையது என்பதால் படிப்பும் உன் பெயரிலேயே பதிவாகியிருந்தது. பக்கத்தில் உன் படம். “மாத்திடட்டுமாப்பா?” என்று செல்வி கேட்டாள். வேண்டாம் என்றேன். தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எழுத்து முடிந்ததும் கூட்டல், கழித்தல். அப்புறம் என்னால் நிற்க முடியவில்லை, பேச்சி. இருதயம் எப்படி அடிக்கிறது, தேனீ எப்படி வழி கண்டுபிடிக்கிறது, போலீஸ் பிடித்தால் நமக்கு என்ன உரிமை, நிலா ஏன் தேய்கிறது. பெல்ட் பட்டறையில் நாற்பது வருடம் தோல் வெட்டினேனே, அந்தத் தோல் ஏன் அழுகவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது! ஒன்றில் பாதி இருக்கும்போதே அடுத்ததற்கு மனம் ஓடும். “அரே யப்பா, நேத்து தேனீ, இன்னைக்கு நிலா. ஒரு எடத்துல உக்காரேன்” என்று செல்வி திட்டுவாள். உட்கார முடியவில்லையே.

ஒவ்வொரு பாடத்தின் கீழும் படிப்பவர்கள் பேசிக்கொள்வார்கள். நானும் எழுத்துக் கூட்டி எழுதினேன். பேரையும் படத்தையும் பார்த்து எல்லாரும் “அக்கா” என்றார்கள். முதலில் சிரித்தேன். பிறகு அக்காவாகவே பதில் சொன்னேன்.

அவர்களில் ஒருத்தி ஸ்டெல்லா. ஊர் தூத்துக்குடிப் பக்கம், இப்போது விக்ரோலியில் ஒரு கேன்டீனில் வேலை. பின்னக் கணக்கில் மாட்டிக்கொண்டாள். ஒருநாள் எனக்குத் தனியாக எழுதினாள்: புருஷன் அவள் நோட்டைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டானாம், படிப்பை விடப்போகிறாளாம். அந்த நிமிடமே நான் யார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. “விடாதே தங்கச்சி. புது நோட்டு வாங்கி வேலை செய்கிற இடத்தில் வை” என்று உன் பெயரில் எழுதினேன். அவள் விடவில்லை. அக்காவை நேரில் பார்க்க வேண்டும் என்றாள்.

போன ஞாயிறு கிங்ஸ் சர்க்கிளில் ஒரு பூக்கடை ஓரம் நின்றேன். அவள் வந்தாள். கையில் அந்தப் புது நோட்டு. போகிற வருகிற கிழவிகளின் முகத்தையெல்லாம் பார்த்தாள். நான் கிட்டே போனேன்.

“ஸ்டெல்லாவாம்மா?”

“ஆமா. அக்கா வரலியா அண்ணாச்சி?”

“அக்கா... நாந்தாம்மா. பேச்சியம்மா என் வீட்டுக்காரி. அவ தவறிப் போயி ரெண்டு வருசமாச்சு.”

நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“நோட்டக் கிழிச்சத எங்க அம்மைட்ட கூட நான் சொல்லல. ஒரு பொம்பளைன்னு நெனச்சில்லா ஒங்ககிட்ட சொன்னேன்!”

“தப்புதாம்மா. கெட்ட எண்ணம் ஒண்ணும்...”

“எண்ணத்த யாரு கேட்டா?” என்றாள். நோட்டைப் பைக்குள் போட்டாள். போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. “அந்த அக்கா என்ன படிச்சாங்க?”

“ஒண்ணுமில்ல. ரெண்டு பேரும் கைநாட்டுதான்.”

“என்ன படிக்க ஆசப்பட்டாங்க?”

“நட்சத்திரம்” என்று சொல்லிவிட்டேன். சொன்ன உடனே தெரிந்தது, அது என் ஆசை. நாற்பத்தாறு வருடம் உன்னோடு சாப்பிட்டுப் படுத்து எழுந்தேன். உனக்கு எதைத் தெரிந்துகொள்ள ஆசை என்று ஒருதடவைகூடக் கேட்டதில்லை. “தெரியாதும்மா” என்றேன்.

“அப்ப அவங்க பேர விட்டுருங்க. எல்லார்ட்டயும் உண்மையச் சொல்லுங்க. நீங்க சொல்லலேன்னா நான் சொல்லுவேன்” என்றாள். ஸ்டேஷன் பக்கம் நடந்துவிட்டாள். இன்றுவரை ஒரு வரி எழுதவில்லை. படிக்கிறாளா, விட்டுவிட்டாளா? கேட்க எனக்கு என்ன முகம் இருக்கிறது?

அதனால்தான் இந்தக் கடிதம். உன்னை அக்கா என்று கூப்பிட்டவர்கள் எல்லாரும் பார்க்கிற இடத்தில் இதைப் போடப்போகிறேன். அவர்களிடமும் சேர்த்து மன்னிப்புக் கேட்கிறேன். அதன்பிறகு உன் பெயரை எடுத்துவிடுவேன். பாடம் முடித்து உன் பெயரில் நான் வாங்கிய ஐந்து சான்றிதழும் அதோடு போகும். போகட்டும். அதில் ஒன்றுகூட நீ கேட்டது இல்லை.

உன் வேலைகள் எனக்குத் தெரியும். மாட்டுங்காவில் நீ பாத்திரம் தேய்த்த நாலு வீடும் தெரியும். தேய்த்துக்கொண்டே எதை யோசித்திருப்பாய், பேச்சி? எந்தப் பாடத்தைத் தொட்டிருப்பாய்?

நாளைக்குச் செம்பூருக்குப் போகிறேன். செல்விக்கு ஐம்பது நெருங்குகிறது. என்னைப் படிக்க வைத்தவளிடம் “உனக்கு என்ன தெரிந்துகொள்ள ஆசை?” என்று கேட்பேன். அவள் “ஒண்ணுமில்லப்பா” என்றுதான் முதலில் சொல்வாள். எழுந்து வரமாட்டேன். அவள் சொல்கிறவரை வாயைத் திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

இனி சொந்தப் பெயரில் படிக்கப்போகும்
உன் வீட்டுக்காரன்
சுடலைமுத்து