திரும்பி வந்த காற்று

போன செவ்வாய்க்கிழமை ஒரு நீளப் பெட்டி வந்தது. அவுஸ்திரேலியாவிலிருந்து. தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போயிருந்தார். மேலே ஒரு விரற்கடை பனி. தட்டிவிட்டு உள்ளே கொண்டுவந்து குசினி மேசையில் வைத்து மூடியைத் திறந்தேன். மை மணத்தது. கர்ப்பூரமும் விளக்குக் கரியும் சேர்ந்த அந்த மணம், நீ வந்து போனால் என் வீட்டில் இரண்டு நாளைக்கு நிற்குமே, அதே மணம். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. "எடியே, செத்தும் நீ என்னை விடமாட்டியோ?" என்று பெட்டியைப் பார்த்துக் கத்தினேன். என் மனிசன் யாரோ வந்துவிட்டார்கள் என்று மேலேயிருந்து இறங்கி வந்தார். "ஒருத்தரும் இல்லை, போங்கோ" என்று அவர் மீதும் பாய்ந்தேன்.

பெட்டிக்குள் இருந்தது நீ கடைசியாக எழுதிய சுருள். ஒரே ஒரு யப்பானிய எழுத்து, காற்று. பெர்த்தில் பாய்மரப் படகு ஓட்டப் பழக்குகிற மனிதர் ஒருவர் தன் அலுவலகத்துக்குக் கேட்டு வாங்கியது. இரண்டு வருடக் கடற்காற்றில் பின்தாள் கொப்பளம் போட்டு உரிந்துவிட்டதாம், சரிசெய்து அனுப்பட்டாம். உன்னைப் பற்றி ஒரு சொல் இல்லை. நீ இருக்கிறாயா இல்லையா என்று அவருக்குத் தெரியாது. நான்தான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் கடிதத்தை வாசிக்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கனடாவில், மல்வேர்னில் ஒரு ரவுன்ஹவுஸ் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் யாழ்ப்பாணத்துப் பெண்கள் இரண்டு பேர் யப்பானிய எழுத்துச் சுருள் செய்து வெளிநாடுகளுக்கு அனுப்பினார்கள் என்றால் எங்கள் சனமே நம்பாது. நீ என் வீட்டுக்கு முதல்முறை வந்தபோது எனக்கும் நம்பிக்கை வரவில்லை. நான் சாரி பிளவுஸ் தைக்கிறவள். நீயும் பிளவுஸ் துணிதான் கொண்டுவந்திருக்கிறாய் என்று அளவு நாடாவை எடுத்தேன். நீ ஒரு பட்டுத் துண்டை நீட்டி, "உதை ஒரு நூல் பிசகாமல் நேரா வெட்டித் தருவியோ?" என்றாய். வெட்டித் தந்தேன். பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து என் முன்னாலேயே அளந்து பார்த்தாய். அப்போதே உன்னைத் துரத்தியிருக்க வேண்டும்.

உன் மனிசன் வேலை செய்த ஆறு வருடம் யப்பானில் இருந்தாய், அங்கே தூரிகை பிடிக்கப் பழகினாய், கனடா வந்தபிறகும் சனிக்கிழமை வகுப்பை விடவில்லை. எழுத உனக்குக் கை இருந்தது; எழுதியதைச் சுருளாகக் கட்ட ஆள் இல்லை. பழைய சுருள் ஒன்றைக் கொண்டுவந்து என் மேசையில் போட்டாய். நான் அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்துப் பழகினேன். எழுதிய தாளைக் குப்புறப் போட்டு நனைக்க வேண்டும், கோதுமைப் பசை தடவிப் பின்தாள் ஒட்ட வேண்டும், பலகையில் கிடந்து காய வேண்டும், பிறகு பட்டுக் கரை, மேலே ஒரு தடி, கீழே ஒரு தடி. முதல் மாரியில் ஹீற்றர் காற்றுப் பட்டுப் பலகையிலிருந்த தாள் படீரென்று நடுவால் வெடித்தது. மூன்று நாள் வேலை. நான் தலையில் கைவைத்தேன். நீ கதிரையில் இருந்து வயிறு குலுங்கச் சிரித்தாய். அதன்பிறகு மாரி முழுவதும் ஈரத் துவாய்களைக் கயிற்றில் தொங்கவிட்டு வேலை செய்தோம். பேஸ்மென்ற் அப்போது லோண்ட்ரி மாதிரி இருக்கும்.

வாடிக்கையாளர்களுக்கு நீ எழுதிய மின்னஞ்சல்கள்! யாருக்கு, எந்த அறையில் மாட்டப்போகிறீர்கள், காலை வெளிச்சமா மாலை வெளிச்சமா என்று ஒரு பட்டியல் கேள்வி. பதில் வராவிட்டால் தூரிகையைத் தொடமாட்டாய். "பேரைத் தந்தவுடனை எழுதிக் குடுக்க நான் என்ன மெஷினே?" என்பாய். ஒரு எழுத்துக்கு நாற்பது தாள் எழுதி, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதெல்லாம் கிழிப்பாய். நல்ல தாளடி என்று நான் கத்துவேன். உனக்குக் காது கேட்காது.

ஒரே ஒரு விடயத்தில்தான் உனக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. தூரிகையில் மை குறையக் குறையக் கோட்டுக்குள் வெள்ளைக் கீறல்கள் விழும். உனக்கு அதுதான் அழகு. எனக்கு அது குறை. பிழைத்தால் பிரித்துத் தைக்கிற கை என் கை. என் பிழைப்பே அதுதான். "விட்ட கோடு விட்டதுதான். திருப்பித் தொடாதை" என்பாய். வகுப்பில் யாரோ ஒரு கோட்டின் மேல் இரண்டாம் தரம் தூரிகை வைத்துவிட்டார் என்பதற்காக ஒரு கிழமை அவரோடு கதைக்காமல் இருந்தவள் நீ.

படகுக்காரர் கேட்ட காற்றை நீ எழுதித் தந்த மாதம் என்னிடம் கல்யாணப் பிளவுஸ்கள் பன்னிரண்டு கிடந்தன. உன் தாளை வாங்கி, நனைத்து, ஒட்டி, கரை வைத்து, அவசரம் அவசரமாகக் கட்டி முடித்துப் படம் அனுப்பினேன். மறுநாளே பதில். வலப்பக்கம் இறங்கி வளைகிற நீளக் கோட்டில் மை முடிந்துவிட்டதா, வெள்ளையாக இருக்கிறதே, அதை நிரப்பித் தரமுடியுமா என்று கேட்டிருந்தார். உனக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"காத்தெண்டு எழுதினா காத்துப் போற வழி இருக்காதோ? விளங்காட்டி வேண்டாமெண்டு சொல்லு" என்றாய்.

"இன்னொண்டு எழுதித் தாவன்டி."

"தோள் நோகுது. ஏலாது."

உனக்கு ஏலாது என்று நான் கேட்டதே அன்றுதான். அதிலாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. எடுப்பு எடுக்கிறாய் என்று நினைத்தேன். தொலைபேசியை வைத்துவிட்டு, கைப்பணிக் கடையில் வாங்கிய போத்தல் மையை எடுத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு வெள்ளைக் கீறலாக நிரப்பினேன். பிளவுஸில் இழை விட்ட இடத்தை அடைப்பதுபோல்தான் செய்தேன். பார்க்க வடிவாகத்தான் இருந்தது. திரும்பப் படம் அனுப்பினேன், அந்த மனிதருக்கும் பிடித்துக்கொண்டது.

மற்றவர்கள் எழுதியவுடன் தங்கள் பெயர் முத்திரையைக் குத்துவார்களாம். நீ சுருளைக் கட்டித் தொங்கவிட்டுப் பார்த்து, உனக்குச் சரியென்று பட்டால்தான் சிவப்பு முத்திரையைத் தொடுவாய். இரண்டு கிழமை கழித்து வந்தாய். மெலிந்திருந்தாய். டயட் என்றாய். சுருளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றாய். பட்டுக் கரையில் ஒரு நூல் கோணினால் அயலட்டைக்குக் கேட்கக் கத்துகிறவள், இப்போது என்னைக் கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று இருந்தேன்.

"நல்லா நிரப்பியிருக்கிறாய்" என்றாய். அவ்வளவுதான். மேசையில் கிடத்தி, இடக்கையால் முத்திரையை எடுத்துக் குத்திவிட்டு, ரீயும் குடிக்காமல் போனாய்.

இடக்கையால். அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

பதினேழாம் நாள் உன் மகள் அழைத்தாள். "அன்ரி, அம்மா பாஸ்ட் எவே" என்றாள். மூளையில் கட்டி. "ஸ்பிரிங்கிலயே டயக்னோஸ் பண்ணிட்டினம், அன்ரி. ரைற் ஹாண்ட் கொஞ்சம் கொஞ்சமா வேர்க் பண்ணாமல் போட்டுது. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு அம்மாதான் ப்ராமிஸ் வாங்கினவ. ஐ ஆம் சோ சொறி." பிள்ளையை நான் என்ன சொல்ல? செத்தவீட்டில் எல்லோரும் நான் துக்கம் தாங்காமல் அழுகிறேன் என்று தண்ணி தந்தார்கள். எனக்கு உன்னைப் பெட்டிக்குள்ளிருந்து எழுப்பி இரண்டு அறை விட வேண்டும் போலிருந்தது.

அன்றிலிருந்து இரண்டு வருடம் ஒரே முள் என்னைக் குத்திக்கொண்டு கிடந்தது. நீ கடைசியாக எழுதியதை நான் பழுதாக்கிவிட்டேன். உனக்கு அது தெரிந்தது. என்னோடு சண்டை பிடிக்கவும் தெம்பில்லாமல் முத்திரையைக் குத்திவிட்டுப் போய்விட்டாய். சண்டை பிடித்திருந்தால் நான் மன்னிப்பாவது கேட்டிருப்பேன். இதைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னாலும் ஒரு கோட்டுக்குள் மை போட்டதற்கா இவ்வளவு என்பார்கள்.

அதனால் செவ்வாய்க்கிழமை அந்தச் சுருளைப் பார்த்ததும் முடிவெடுத்தேன். பின்தாளை உரிக்க எப்படியும் நனைக்க வேண்டும். உன் மை நீ மைக்கட்டியைக் கல்லில் அரைத்து எடுத்தது, காய்ந்தால் அசையாது. என்னுடையது போத்தல் மை, தண்ணீர் பட்டால் ஓடும். ஓடட்டும். என் கையை உன் எழுத்திலிருந்து எடுத்துவிட்டு, உன்னை உன்பாட்டில் விடலாம் என்று நினைத்தேன். திருப்பித் தொடாதை என்று நீ சொன்னது ஞாபகம் வந்தது. போடி என்றேன்.

புதன்கிழமை காலையில் பிளவுஸ்காரர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டு நனைத்தேன். என் மை கசியக் கசிய ஒற்றுத்தாளால் ஒற்றி எடுத்தேன். ஒரு தாள், இரண்டு தாள், ஒன்பது தாள். முழுக்கப் போகவில்லை, ஒரு சாம்பல் நிழல் நின்றுவிட்டது. ஆனாலும் உன் வெள்ளைக் கீறல்கள் வெளியே வந்தன. பின்தாளை உரித்துவிட்டு, ஈரத்தாளை ஒரு கண்ணாடியில் ஒட்டி யன்னலுக்கு நேரே பிடித்தேன்.

வெளிச்சத்தில் பின்பக்கத்திலிருந்து பார்த்தால் மை எத்தனை தரம் விழுந்தது என்று தெரியும். ஒரே மூச்சில் போன கோடு ஒரே கறுப்பாக இருக்கும். உன் நீளக் கோடு அப்படி இல்லை. நான்கு இடத்தில் நின்றிருந்தது. நின்ற இடத்தில் ஆடியிருந்தது. ஆடிய இடத்தின் மேல் நீ திரும்பத் தூரிகை வைத்திருந்தாய். நான்கு இடத்திலும். கடைசி வளைவில் இரண்டு தரம்.

எனக்கு நம்ப முடியவில்லை. நான் வீடு குடிபுகுந்தபோது இதே எழுத்தை எழுதி நீ தந்த சுருளை ஹோலிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பக்கத்தில் பிடித்தேன். அதில் வெள்ளைக் கீறல்கள் சீப்பால் வாரிவிட்டதுபோல் ஓடின. இதில் துண்டு துண்டாய்க் கிடந்தன. அது காற்றுப் போன வழி இல்லையடி, கள்ளி. உன் கை விழுந்துபோன வழி. நாற்பதில் இதுதான் திறம் என்றால் மற்ற முப்பத்தொன்பது எப்படி இருந்திருக்கும்? அந்தப் படகுக்காரர் சொன்னது சரி. நான் நிரப்பியதும் சரி. நீ சுருளுக்கு முன்னால் நெடுநேரம் நின்றது என் பிழையைப் பார்த்து அல்ல. உன் நடுக்கம் மறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய்.

இரண்டு வருடம் என்னைக் குற்றவாளியாக்கி வைத்தாயே. முதல்தரம் பின்தாள் ஒட்டியபோதும் இந்தப் பின்பக்கம் என் கண்ணுக்கு முன்னால்தான் கிடந்தது. பன்னிரண்டு பிளவுஸின் அவசரத்தில் நான் பார்க்கவில்லை. அந்தக் கோபம் என்மீது. ஆனால் பெரிய கோபம் உன்மீதுதான், அதைக் குறைக்க மாட்டேன். திருப்பித் தொடாதை என்ற உன் சட்டத்தை உடைக்க உனக்கு மனம் வந்தது. என்னிடம் வாய் திறக்க வரவில்லை. "கை ஏலாமல் கிடக்கு, ஒருக்கா வந்து பிடி" என்று சொல்ல எத்தனை நிமிடம் எடுக்கும்? பேஸ்மென்றில் உனக்குப் பக்கத்தில் நின்று உன் மணிக்கட்டைப் பிடித்திருப்பேன். சேர்ந்து கோணல் மாணலாய் எழுதியிருப்போம். யாருக்கு என்ன நட்டம்?

வெள்ளிக்கிழமை படகுக்காரருக்கு எழுதினேன். உங்கள் சுருளில் நான் கைவைத்துவிட்டேன், அதை இனித் தரமுடியாது, அதே கையால் எழுதிய வேறொன்றை அனுப்புகிறேன், அது இதைவிட எவ்வளவோ நல்லது என்று. எழுதியவர் இப்போது இல்லை என்றும் சொன்னேன். அனுதாபம் தெரிவித்து, சரி என்று பதில் போட்டார். குடிபுகுந்த அன்று நீ தந்ததைச் சுற்றிக் கட்டி அனுப்பிவிட்டேன். என் மனிசன், "உது அவ உனக்கெண்டு தந்ததல்லோ?" என்றார். ஓம், எனக்கென்று தந்ததுதான். சுகமாக, திமிராக, ஒரே மூச்சில் எழுதித் தந்தது. அந்த உன்னை ஊருலகமெல்லாம் பார்க்கட்டும். அதிலும் வெள்ளைக் கீறல் இருக்கிறது என்று அவர் எழுதினால் நான் இந்தமுறை நல்ல பதில் வைத்திருக்கிறேன்.

மற்றது பலகையில் காய்கிறது. பங்குனியில் கரை வைத்து ஹோலில் மாட்டுவேன். அந்தச் சாம்பல் நிழலோடு, நீ நின்று நின்று போன நான்கு இடத்தோடு. உனக்கு அது பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நீ ஒருவருக்கும் காட்டாமல் மறைத்ததை நான் போகவரப் பார்க்கிற சுவரில் மாட்டப் போகிறேன். கோபமென்றால் வந்து கழற்று.