நம் வீட்டுத் தொட்டிக்கு இலாரியோ வேண்டாம்

சிக்காகோ, ஞாயிறு

என் ஓதிலியாவுக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? நான் சுகம். கோணலாக இருந்தாலும் இது முழுக்க என் கையெழுத்து! என்னோடு தங்கியிருக்கும் பெலீப்பே எனக்காகக் கடிதம் எழுதித் தந்தவரை சில விஷயங்களைச் சொல்ல வெட்கமாக இருந்தது. இனி வெட்கமில்லை.

வியாழக்கிழமை, நான் ரிப்பேர் வேலை பார்க்கும் கட்டடத்தில், மூன்றாம் மாடி டோரத்தி அம்மா வீட்டில், பாத்திரத் தொட்டிக்கு அடியில் இருக்கும் கழிவு அரைக்கும் மெஷின் சிக்கிக்கொண்டது. கரண்டை நிறுத்தி, அடியில் திருகுசாவி போட்டுத் திருப்பி, இடுக்கியால் ஒரு ஸ்பூனை வெளியே எடுத்தேன். விரலில் சின்னக் கீறல்தான். வாடை போக ஐஸ்கட்டியும் எலுமிச்சைத் தோலும் போட்டு ஓடவிட்டேன்.

"உங்க வீட்டம்மா குடுத்து வச்சவங்க, எவரிஸ்தோ! அங்க ஒரு சொட்டாவது ஒழுகுமா?" என்று அந்த அம்மா சிரித்தார்.

எனக்குச் சுருக்கென்றது. நம் தொட்டிக் குழாயை பக்கத்து வீட்டு இலாரியோ சரிசெய்தான், சோளமாவில் நீ அவித்த தமாலே நாலு சாப்பிட்டான், மீசையைக் கத்தரித்திருந்தான் என்று நீதானே எழுதினாய்? மீசையை ஏன் பார்த்தாய்?

என் குறடு பத்திரமாக இருக்கிறதா என்று எழுது. அதை அவனிடம் கொடுக்காதே. மறுபடி ஒழுகினால் நீல வாளியை அடியில் வை. கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவேன்.

ஐந்தாம் மாடியில் கூப்பிடுகிறார்கள், போகிறேன். அதுவரை ஒழுகட்டும், ஓதிலியா. எனக்காக ஒழுகட்டும்.

உன்
எவரிஸ்தோ