முழங்கால் உயர மாங்கன்று

காம்பைக் கிள்ளியதும் பால் சுரந்து விரலில் ஒட்டிக்கொண்டது. கழுவிய பிறகும் அந்த மாம்பால் வாசனை கையை விட்டுப் போகவில்லை. நம் மரத்தின் முதல் காய் இது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

நீடாமங்கலம் சாலையில் இருக்கிற நர்சரிக்கு நாம் போனது நினைவிருக்கிறதா? டாக்டர் உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டுப் பேசியிருந்த வாரம் அது. உங்களுக்கு எதுவும் தெரியாது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். புயலில் தென்னை விழுந்த இடம் கொல்லையில் காலியாகக் கிடந்தது. அங்கே ஒரு மாமரம் வைக்க ஆசைப்பட்டீர்கள். நான் நேராக ஆள் உயரக் கன்றிடம் போனேன். பெரிய பையில் நின்ற அதில் பிஞ்சுகூடத் தொங்கியது. அடுத்த கோடையில் நீங்கள் ஒரு பழமாவது சாப்பிட்டுவிட வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

நீங்களோ முழங்கால் உயர ஒட்டுக்கன்று ஒன்றைத் தூக்கிக்கொண்டீர்கள். பெரியதற்குப் பைக்குள்ளேயே வேர் சுருண்டிருக்கும், சின்னது மண்ணைச் சட்டென்று பிடிக்கும் என்று நர்சரிக்காரரிடம் நியாயம் பேசினீர்கள். நான் விடவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் மெல்லச் சொன்னீர்கள்:

"பெருச வாங்குனா எனக்காக அவசரத்துல வாங்குன மரம்னு ஆயிடும். அப்பறம் அதைப் பாக்குறப்பல்லாம் நீ அழுவ. இது நிதானமா வளந்து உனக்குக் காய்க்கட்டும்."

உங்களுக்கு எல்லாமே தெரியும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை உங்கள் மேல் ஒரே கோபம். கன்று உங்கள் மடியில் ஆடிக்கொண்டு வந்தது.

நட்டதும் ஒரு கூத்து. நெல்லைத் தவிர வேறெதையும் வளர்த்தறியாத கை உங்களுடையது. நாற்றங்காலுக்குக் கட்டுவதுபோல் சுற்றிலும் வரப்பு கட்டித் தண்ணீரைத் தேக்கினீர்கள். ஐப்பசி மழையும் சேர்ந்துகொண்டது. இலைகள் மஞ்சளாகிக் கொட்டின. கன்று பிழைத்தால் நீங்களும் பிழைப்பீர்கள் என்று மனத்துக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். மண்வெட்டியை எடுத்து வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்தேன். கன்றை மண்ணோடு பெயர்த்து, மேடு போட்டு, அதன் மேல் மறுபடி நட்டேன். நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த நீங்கள், மாமரத்துக்கும் சம்பா நடவுக்கும் வித்தியாசம் தெரியாத ஆளைக் கட்டிக்கொண்டு நான் படும் பாட்டைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். தை மாதம் செம்பு நிறத்தில் தளிர் விட்டது. அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

கன்று பிழைத்தது, நீங்கள் பிழைக்கவில்லை. அதன் மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். ஆனால் கோடை வந்ததும் இலை வாடி நின்றது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க முடியவில்லை. அப்படித்தான் எனக்கும் ஒவ்வொரு நாளாக விடிந்தது.

காயை வைக்கோலில் பொதிந்து வைத்திருக்கிறேன். நேற்று அதே நர்சரிக்குப் போய் ஒரு பலாக்கன்று கேட்டேன். நர்சரிக்காரர் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, சீக்கிரம் காய்க்கும் என்று பெரிய கன்றாக எடுத்து வைத்தார்.

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லங்க. சின்னதாவே குடுங்க" என்றேன்.

இன்று காலை மேடு போட்டு நட்டாயிற்று. முழங்காலுக்குக் கொஞ்சம் கீழேதான் இருக்கிறது. அது காய்த்து, சுளை தின்று பார்த்த பிறகுதான் உங்களிடம் வருவேன். அதுவரை நீங்கள் காத்திருக்கத்தான் வேண்டும்.