நடராசன் கச்சேரி கேசட்

துபாய்
8.4.1982

அன்பு மனைவி மெஹர் பானுவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் இங்கு சுகம். நீயும் உம்மாவும் நம் மகள் ஜன்னத்தும் சுகமா?

வரும் 25ஆம் தேதி ஞாயிறு மாலை வானொலியில் நம் திருஞானசம்பந்தம் சார் கோயில் இசை பற்றிப் பேசுகிறாராம். அது முடிந்ததும் என்னோடு படித்த நடராசனின் நாகஸ்வரக் கச்சேரி. ஒரே மாலையில் ஊர்க்காரர் இருவர். கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. டேப்ரிக்கார்டரை ரேடியோ முன்னால் வைத்து முழுவதும் பதிந்து, இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் தாவூதிடம் கொடுத்தனுப்பு.

இன்னொன்று. உன் கடிதத்தின் அடியில் உம்மா அரபு எழுத்திலே அரபுத் தமிழில் இரண்டு வரி எழுதுவார்களே, போன இரண்டு கடிதங்களிலும் அது இல்லை. அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை. கேசட்டின் மறுபக்கத்தில் அவர்களைப் பேசவை. என்னைத் திட்டினாலும் சரி.

உன்
காஜா மைதீன்


காரைக்கால்
26.4.1982

அன்பு மச்சானுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கச்சேரியைப் பதிந்துவிட்டேன். அடுக்களைக்கும் ரேடியோவுக்கும் நடந்தே கால் ஓய்ந்தது, சார் பேசியதில் பாதி காதில் விழவில்லை. இன்று வீட்டில் வேலை அதிகம், தாவூது நானாவும் அவசரப்படுத்துகிறார். அதனால் போட்டுப் பார்க்காமலே கொடுத்தனுப்புகிறேன்.

மாமிக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் பேசவைக்கவில்லை. கண்ணும் மங்கல், எழுத முடியவில்லை. உங்களுக்கு ஸலாம் சொல்லச் சொன்னார்கள். எனக்கும் ஜன்னத்துக்கும் ஒரு குறையும் இல்லை. காண்ட்ராக்ட் முடியும்வரை நிம்மதியாக வேலையைப் பாருங்கள்.

உங்கள்
மெஹர் பானு


துபாய்
7.5.1982

மெஹர்,

ஸலாம். கேசட் வந்தது. தாவூது என் முகத்தைப் பார்க்காமலே கொடுத்துவிட்டுப் போனான். ஏதோ அவசரம் என்று நினைத்தேன்.

அறையில் எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டோம். சார் பேசி முடித்தார். நடராசன் தோடியை எடுத்தான். நடுவில் அடுத்த வீட்டு ஷரீபுன்னிசாவின் குரல்: "மெஹரு, மாமியோட நாப்பதாம் பாத்திஹா நாளைக்குத்தானே? பள்ளிவாசல் லெப்பை கேட்டு அனுப்புனாங்க." அடுக்களையிலிருந்து நீ: "ஆமாக்கா, அசர் தொழுகைக்கு அப்புறம்னு சொல்லிடுங்க." நாற்பதாம் நாள் பாத்திஹா இறந்தவர்களுக்குத்தான் ஓதுவார்கள்.

ரேடியோ முன்னால் வைத்தால் ரேடியோ சத்தம் மட்டும்தான் பதியும் என்று நினைத்துவிட்டாய்.

ஏன் மறைத்தாய் என்று தெரியும். பாதியில் கிளம்பி வந்தால் வேலை போய்விடும். உம்மாவே உன்னிடம் அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த நாற்பது நாளும் ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுடைய ஹயாத்தை, ஆயுளை நீளமாக்கித் தா என்று துஆ கேட்டுக்கொண்டிருந்தேன், மெஹர். அவர்களுக்காக ஒரு யாசீன்கூட ஓதவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்வேன்?

உன்மேல் கோபமா என்று எனக்கே தெரியவில்லை. பயமாக இருக்கிறது, அதுதான் தெரிகிறது. ஜன்னத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

பதில் எழுத வேண்டாம். பிள்ளையைப் பேசவைத்துப் பதிந்து அனுப்பு.

காஜா மைதீன்